மிஸ்டு கால் போச்சு, ஓடிபி வந்துச்சு: நாம் மறந்துபோன வசதிகளில்தான் நம் சாவி இருக்கிறது!

உங்கள் போனில் எஸ்.எம்.எஸ். இன்பாக்ஸை ஒருமுறை திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் இல்லை, பழைய எஸ்.எம்.எஸ். அதில் கடைசியாக ஒரு மனிதர் உங்களுக்கு எழுதிய மெசேஜ் எது? எவ்வளவு கீழே ஸ்க்ரோல் செய்ய வேண்டியிருக்கிறது?

ஓடிபி, கணக்கில் பணம் வந்தது, கணக்கிலிருந்து பணம் போனது, 'உங்கள் பேக் நாளை முடிகிறது', 'ப்ரீ அப்ரூவ்டு லோன்', பார்சல் கிளம்பிவிட்டது... மனிதர்கள் யாரையும் காணோம். கால் லிஸ்ட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். டெலிவரிக்கு வந்தவர், கேப் டிரைவர், எடுக்காமல் விட்ட தெரியாத எண்கள், நடுவில் அம்மா.

செல்போன் நம் கைக்கு வந்ததே இந்த இரண்டு வேலைகளுக்காகத்தான்: பேச, மெசேஜ் அனுப்ப. இன்று நாம் அதிகம் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பதும் இந்த இரண்டைத்தான். ஆனால் வங்கிக் கணக்கு, யுபிஐ, ஆதார், பி.எஃப்., ஏன் வாட்ஸ்அப் வரை எல்லாவற்றின் சாவியும் அதே பழைய எஸ்.எம்.எஸ்.ஸில், அதே பழைய போன் நம்பரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இது எப்படி நடந்தது? இதனால் யாருக்கு என்ன சிக்கல்? வரிசையாகப் பார்ப்போம்.

பேசினாலும் காசு, கேட்டாலும் காசு

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவில் இருந்து, டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்தக் காலத்தில் ஒரு நிமிடம் பேச, நேரத்தைப் பொறுத்து 16 ரூபாய் வரை ஆனது. போனை எடுத்தவருக்கும் கட்டணம் உண்டு. அதாவது, உங்களுக்கு ஒருவர் போன் செய்தால் உங்கள் காசும் கரையும்.

2003-ல் இந்தக் கணக்கு மாறியது. அழைப்பவர்தான் காசு கொடுக்க வேண்டும் என்ற முறை வந்தது, இன்கமிங் இலவசமானது. அதே ஆண்டில் ரிலையன்ஸ் 501 ரூபாய் கட்டினால் போன் என்று விளம்பரம் செய்தது. டார்ச் லைட்டோடு நோக்கியா 1100 வந்ததும் அதே 2003-ல்தான். உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்ற மாடல் அது. கரன்ட் அடிக்கடி போகும் ஊர்களில், 'பேசறதுக்கு இல்லைன்னாலும் டார்ச்சுக்கு ஆச்சு' என்று வாங்கியவர்களும் உண்டு.

2006-ல் இந்தியா முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற 'ஒன் இந்தியா' திட்டம் வந்தது. 2009-ல் டாடா டொகோமோ 'வினாடிக்கு ஒரு பைசா' என்று இறங்கியது. விலை இப்படிப் படிப்படியாகக் குறைந்தாலும், பேசும்போது ஒரு கண் எப்போதும் பேலன்ஸ் மேலேயே இருந்தது. 10 ரூபாய் டாப் அப் கார்டைச் சுரண்டி வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பதற்றம் நன்றாகத் தெரியும்.

மிஸ்டு கால்: எந்த நிறுவனமும் அறிமுகம் செய்யாத வசதி

இன்கமிங்குக்குக் காசு இல்லை. அவுட்கோயிங்குக்குக் காசு உண்டு. ஆனால் எதிர்முனையில் போனை எடுக்கும்வரை மீட்டர் ஓடாது. இந்த மூன்று விதிகளும் சேர்ந்த இடத்தில் மக்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் மிஸ்டு கால்.

எந்த போன் பெட்டியிலும் இந்த வசதி அச்சிடப்படவில்லை. எந்த நிறுவனமும் இதற்கு விளம்பரம் கொடுக்கவில்லை. ஆனாலும் பயன்படுத்தத் தெரியாத ஆளே இல்லை. ஒரு ரிங் விட்டு கட் செய்தால் 'கீழே வந்துட்டேன், இறங்கி வா'. ரெண்டு ரிங் என்றால் 'ஊர் போய்ச் சேர்ந்துட்டேன்'. விடாமல் மூன்று முறை அடித்தால் 'அவசரம், உடனே கூப்பிடு'. ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்குப் பிள்ளைகள் கொடுத்தார்கள். மேஸ்திரிக்கு சித்தாள் கொடுத்தார். காதலர்களுக்கோ அது தனி மொழி. அடித்த பிறகு எதிர்முனையில் தெரியாமல் எடுத்துவிட்டால், 'ஐயையோ, ஏன் எடுத்த... காசு போச்சு' என்பதுதான் முதல் வசனம்.

'யார் யாருக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம்' என்பதற்கு எழுதப்படாத விதிகளும் இருந்தன. சம்பாதிப்பவர் சம்பாதிக்காதவருக்குக் கொடுத்தால் கஞ்சத்தனம். தம்பி அண்ணனுக்குக் கொடுத்தால் உரிமை. யார் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பதை அவரவர் வருமானம் முடிவு செய்தது.

பிறகுதான் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. 2010-ல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட 'ஜிப்டயல்' என்ற நிறுவனம் முழுக்க முழுக்க மிஸ்டு காலை வைத்தே தொழில் செய்தது. ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கிரிக்கெட் ஸ்கோரோ, தள்ளுபடி விவரமோ திரும்ப வரும். 2015-ல் அந்த நிறுவனத்தை ட்விட்டர் வாங்கியது. பீகார், ஜார்க்கண்ட் பக்கம் இந்துஸ்தான் யூனிலீவர் நடத்திய 'கான் கஜூரா டேசன்' என்ற சேவையில், மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும். அதில் பாட்டும் நகைச்சுவையும் இடையிடையே விளம்பரமும் கேட்கலாம். டிவியும் கரன்ட்டும் சரியாக எட்டாத ஊர்களுக்கு மிஸ்டு காலே வானொலி ஆனது.

கட்சிகள் உறுப்பினர் சேர்க்கைக்கு மிஸ்டு காலைப் பயன்படுத்தின. வங்கிகள் பேலன்ஸ் சொல்லப் பயன்படுத்தின. 2021-ல் இந்தியன் ஆயில்கூட மிஸ்டு கால் கொடுத்தால் சிலிண்டர் புக் ஆகும் வசதியைக் கொண்டுவந்தது. காசை மிச்சம் பிடிக்க மக்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி, நிறுவனங்களுக்கு ராஜபாட்டை ஆகிவிட்டது.

ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70

எஸ்.எம்.எஸ். கதையும் விலையில் இருந்துதான் தொடங்குகிறது. பேசுவதைவிட மெசேஜ் மலிவு. மாதம் ஒரு பூஸ்டர் போட்டால் நூற்றுக்கணக்கில் அனுப்பலாம். 'குட் மார்னிங்' கவிதை, சர்தார்ஜி ஜோக், 'இதை பத்து பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்ட செய்தி வரும்' வகை மிரட்டல் எல்லாம் வாட்ஸ்அப்புக்கு முன்பே அங்கே வந்தாச்சு.

ஆனால் அந்த மெசேஜ்களை நாம் தமிழில் எழுதவில்லை. 'சாப்டியா', 'எங்க இருக்க' என்பதையெல்லாம் ஆங்கில எழுத்துகளில்தான் தட்டினோம். இதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் இல்லை. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்து என்றால் அதில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் போன்ற மொழிகளுக்கு யூனிகோட் முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் கூடுதல் இடம் வேண்டும் என்பதால் 70 மட்டுமே அடங்கும். அதிலும் மெய்யெழுத்தின் புள்ளியும், கொம்பும், காலும் தனித்தனிக் கணக்கு. 'வணக்கம்' என்பது நமக்கு 5 எழுத்து, எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 7. ஆக, தமிழில் எழுதினால் சீக்கிரமே ஒரு மெசேஜ் இரண்டாகிவிடும், காசும் இரண்டாகும். இதற்கு மேல், பல போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 'தங்கிலீஷ்' பரவியதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

தீபாவளி, புத்தாண்டு போன்ற நாட்களில் மட்டும் பேக் செல்லாது. ஒவ்வொரு மெசேஜுக்கும் முழுக் கட்டணம். 'பிளாக் அவுட் டே' என்று இதற்குப் பெயர். அதனால் வாழ்த்தை முந்தைய நாள் இரவே அனுப்பிவிடும் பழக்கம் வந்தது. விளம்பர மெசேஜ் தொல்லை அதிகமானதால், 2011-ல் ஒரு சிம்மில் இருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ்.தான் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கட்டுப்பாடு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த வரம்பை 200 ஆக்கியது. ஒரு நாளைக்கு 200 எஸ்.எம்.எஸ். போதாது என்று மக்கள் கோபப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை இப்போது நம்புவதற்கே கஷ்டமாக இருக்கிறது.

2016: விலை விழுந்தது, பழக்கமும் விழுந்தது

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பேசுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை, டேட்டாவும் முதலில் இலவசம் என்றதும் மற்ற நிறுவனங்களும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் டாப் அப், ரேட் கட்டர், எஸ்.எம்.எஸ். பூஸ்டர் எல்லாம் பெட்டிக்கடை ஷட்டரில் ஒட்டிய பழைய ஸ்டிக்கராக மட்டும் மிஞ்சின.

அழைப்பு இலவசம் என்றால் மிஸ்டு காலுக்கு வேலை இல்லை. டேட்டா மலிவு என்றால் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு வேலை இல்லை. தமிழ் டைப் செய்யத் தெரியாதவர்களுக்கு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வந்தது. எழுதப் படிக்கச் சிரமப்படும் பாட்டிகூட மைக்கை அழுத்திப் பிடித்து, 'ஏய்யா, சாப்டியா?' என்று அனுப்பினார். ரிங்டோனுக்கும் காலர் டியூனுக்கும் மாதாமாதம் காசு கட்டியவர்கள் போனை நிரந்தரமாக சைலன்ட்டில் போட்டார்கள்.

ஆனாலும் மிஸ்டு கால் உடனே சாகவில்லை. போவதற்கு முன் ஒரு பெரிய சண்டையை மூட்டிவிட்டுத்தான் போனது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் எண்ணை அழைத்தால், அழைத்த நிறுவனம் நிமிடத்துக்கு 6 பைசா தர வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. மற்ற நெட்வொர்க்குகளின் 2ஜி வாடிக்கையாளர்கள் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு தினமும் 25 முதல் 30 கோடி மிஸ்டு கால் கொடுக்கிறார்கள், எங்கள் ஆட்கள் திரும்ப அழைப்பதால் நாங்கள் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்று 2019-ல் ஜியோ சொன்னது. தொடர்ந்து, எத்தனை நொடி ரிங் அடிக்க வேண்டும் என்பதிலேயே நிறுவனங்களுக்குள் போட்டி மூண்டது. ரிங் 25 நொடியில் நின்றுவிட்டால், எடுப்பதற்குள் அது மிஸ்டு கால் ஆகிவிடும் அல்லவா? கடைசியில் ட்ராய் தலையிட்டு, செல்போன் என்றால் 30 நொடி, லேண்ட்லைன் என்றால் 60 நொடி என்று முடிவு செய்தது. 2021 ஜனவரியில் அந்த 6 பைசா கட்டணமே எடுக்கப்பட்டது.

காலியான வீட்டுக்கு வங்கி குடிவந்தது

மனிதர்கள் காலி செய்த எஸ்.எம்.எஸ். இன்பாக்ஸ் சும்மா கிடக்கவில்லை. இணையத்தில் கார்டு போட்டுப் பணம் கட்டும்போது கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-ல் கட்டாயமாக்கியது. முதலில் தனி பாஸ்வேர்டு வைத்துப் பார்த்தார்கள், அது மறந்துபோகும். கையிலேயே இருக்கும் போனுக்கு ஒரு எண்ணை அனுப்புவது எளிது. அப்படித்தான் ஓடிபி நிலைத்தது.

யுபிஐ இன்னும் ஒரு படி மேலே போனது. புதிய போனில் யுபிஐ ஆப் போடும்போது 'எந்த சிம்?' என்று கேட்கும், நினைவிருக்கிறதா? அந்த நேரத்தில் உங்கள் போனில் இருந்து, நீங்கள் டைப் செய்யாமலே, ஒரு குறியீட்டு எஸ்.எம்.எஸ். வெளியே போகிறது. 'இந்த எண்ணுள்ள சிம் இந்தக் கருவியில்தான் இருக்கிறது' என்பதற்கு அதுதான் சாட்சி. அதனால்தான் டேட்டா இருந்தும் எஸ்.எம்.எஸ். போகாவிட்டால் யுபிஐ பதிவு நடக்காது. டீக்கடையில் ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய எஸ்.எம்.எஸ். மீதுதான் நிற்கிறோம்.

இந்த மாற்றத்தில் போன் நம்பரின் அர்த்தமே மாறிவிட்டது. முன்பு நம்பர் என்பது உங்களைக் கூப்பிடும் வழி. தொலைந்தால் புதிது வாங்கி, நண்பர்களுக்கு 'மை நியூ நம்பர்' என்று ஒரு மெசேஜ் தட்டினால் முடிந்தது. இப்போது நம்பர் என்பது அடையாள அட்டையும் கையெழுத்தும் சேர்ந்தது.

ஏர்செல் கற்றுக்கொடுத்த பாடம்

இதைத் தமிழ்நாடு ஒருமுறை மொத்தமாக அனுபவித்திருக்கிறது. 1999-ல் இங்கே சேவையைத் தொடங்கி, சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெர்சி வரைக்கும் வந்த நிறுவனம் ஏர்செல். கடனில் சிக்கிய அது, 2018 பிப்ரவரியில் டவர் நிறுவனங்களுடனான பணப் பிரச்னையில் தடுமாறியது. தமிழ்நாடு முழுக்கப் பல இடங்களில் திடீரென்று சிக்னல் போனது. மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது.

அலுவலகங்கள் முன் கூட்டம் கூடியது. பேச முடியவில்லை என்பது அதில் ஒரு பாதிதான். ஓடிபி வரவில்லை என்பது மறு பாதி. பணம் வங்கியில் பத்திரமாக இருந்தது. அதைத் தொடுவதற்கான வழி இறந்துபோன நெட்வொர்க்கில் மாட்டிக்கொண்டது.

வேறு நிறுவனத்துக்குப் 'போர்ட்' செய்துகொள்ளலாமே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற, முதலில் 1900 என்ற எண்ணுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி கோடு வாங்க வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை எந்த நெட்வொர்க்கில் இருந்து அனுப்ப வேண்டும்? அதே செத்துப்போன நெட்வொர்க்கில் இருந்து! சிக்னல் எங்காவது ஒரு கோடு தெரிகிறதா என்று மொட்டை மாடியிலும் ஊர் எல்லையிலும் போனைத் தூக்கிப் பிடித்து நின்ற அந்த நாட்களை ஏர்செல் வைத்திருந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இன்கமிங் இனி இலவசமா?

2005 இறுதியில் 'லைஃப்டைம் வேலிடிட்டி' என்ற திட்டங்கள் வந்தன. 999 ரூபாய் போன்ற தொகையை ஒருமுறை கட்டினால், ஆயுள் முழுக்க இன்கமிங் வரும் என்றார்கள். 2018 இறுதியில் அந்த ஆயுள் முடிந்தது. சிம் உயிரோடு இருக்க வேண்டுமானால் 28 நாளைக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் ரீசார்ஜ் என்ற முறையை நிறுவனங்கள் கொண்டுவந்தன. அந்தக் குறைந்தபட்சத் தொகையும் பிறகு ஏறிக்கொண்டே போனது. 1995-ல் இன்கமிங்குக்கு நிமிடக் கணக்கில் காசு கட்டினோம். இப்போது மாதக் கணக்கில் கட்டுகிறோம்.

ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எப்படியும் டேட்டா போடுகிறோம். ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு டேட்டா தேவையே இல்லை. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் கணக்கில் ஏறியதா, ரேஷன் கடையில் என்ன வாங்கியதாகப் பதிவாகியிருக்கிறது, முதியோர் பென்ஷன் வந்ததா என்று பார்க்க எஸ்.எம்.எஸ். வேண்டும். பேலன்ஸ் பார்க்க மிஸ்டு கால் வேண்டும். நாம் 'செத்துப்போச்சு' என்று நினைக்கும் இரண்டு வசதிகளும் அங்கே தினசரி வேலையில் இருக்கின்றன. 2022-ல் பட்டன் போன்களுக்காகக் கொண்டுவரப்பட்ட 'யுபிஐ 123பே'யில் பணம் அனுப்பும் வழிகளில் ஒன்றே மிஸ்டு கால்தான்.

இவர்கள் தேவையில்லாத டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டியிருந்தது. அதனால், பேசவும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான பேக்கைக் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் உத்தரவிட்டது. 2025 தொடக்கத்தில் அப்படிப்பட்ட திட்டங்கள் வந்தன. ஆனால் கடையில் போய் 'ஒரு ரீசார்ஜ் போடுப்பா' என்றால் இந்தத் திட்டத்தைத் தானாகச் சொல்வார்களா என்பது வேறு கதை. நாம்தான் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? முதலில் அவுட்கோயிங் நிற்கும், பிறகு இன்கமிங் நிற்கும், கடைசியில் எண்ணே துண்டிக்கப்படும். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்கு யாருக்கும் தருவதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் ட்ராய் தெரிவித்தது. அதன் பிறகு அது வேறொருவர் கைக்குப் போகலாம். உங்கள் வங்கிக் கணக்கு இன்னும் அந்த எண்ணோடு இணைந்திருந்தால், உங்கள் ஓடிபி முகம் தெரியாத ஒருவருக்குப் போகும்.

நாம் எடுப்பதில்லை, அப்பா எடுக்கிறார்

தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் விடுவது இப்போது நம் தலைமுறையின் பழக்கம். நண்பரைக்கூட 'ஃப்ரீயா? கூப்பிடட்டுமா?' என்று மெசேஜில் கேட்டுவிட்டுத்தான் அழைக்கிறோம். விளம்பர அழைப்புகளும் லோன் அழைப்புகளும் சேர்ந்து நம்மை அப்படிப் பழக்கிவிட்டன.

ஆனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போன் அடித்தால் எடுப்பதுதான் மரியாதை. லேண்ட்லைன் காலத்தில் இருந்து வந்த பழக்கம் அது. போனில் பேசுபவர் 'சார், பேங்க்ல இருந்து பேசறோம்' என்றால், பேங்க் என்றுதான் நம்புவார்கள். மோசடிக்காரர்களுக்கு இந்த இடைவெளி நன்றாகத் தெரியும். நாம் கைவிட்ட அழைப்பையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் அவர்கள் கைவிடவில்லை.

அவர்கள் கையாளும் வழிகள் பெரும்பாலும் போனின் பழைய வசதிகள்தான். உதாரணத்துக்குச் சில:

கால் ஃபார்வர்டிங்: கூரியர் ஆள் போலப் பேசி, *401* என்று தொடங்கும் ஒரு எண்ணை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பிவிடும். குரல் வழியாகச் சொல்லப்படும் ஓடிபியும் அவர்கள் காதுக்கே போகும். இந்த மோசடி பெருகியதால், இப்படிக் குறியீடு அழுத்தி அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

சிம் ஸ்வாப்: உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுவது. திடீரென்று உங்கள் போனில் சிக்னல் போகும். அந்தப் பக்கம் ஓடிபி போய்க்கொண்டிருக்கும். இதைத் தடுக்கத்தான் சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். நிறுத்தப்படுகிறது, 7 நாட்களுக்கு வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாது.

வெளிநாட்டு மிஸ்டு கால்: ஜப்பானில் இதற்கு 'வாங்கிரி' என்று பெயர், ஒரு ரிங் விட்டு கட் செய்வது என்று அர்த்தம். தெரியாத வெளிநாட்டு எண்ணில் இருந்து மிஸ்டு கால் வரும். 'யாரோ கூப்பிட்டாங்களே' என்று திரும்ப அழைத்தால் நிமிடக் கட்டணம் எகிறும். மிஸ்டு கால் வந்தால் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று பழகிய நம் ஊர் நல்ல மனதைத்தான் இது குறிவைக்கிறது.

இனி என்ன மாறும்?

எஸ்.எம்.எஸ். ஓடிபியை மட்டுமே நம்பியிருக்கும் நிலை மெல்ல மாறுகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், கைரேகை, ஆப் வழி ஒப்புதல் போன்ற வேறு வழிகளுக்கும் இடம் தருகின்றன. அதே சமயம் எஸ்.எம்.எஸ். ஓடிபி ஒழிக்கப்படவில்லை. பட்டன் போன் வைத்திருப்பவருக்கு வேறு வழி இல்லாதவரை அது போகவும் கூடாது.

வங்கி போன்ற நிதி நிறுவனங்கள் வாடிக்கையாளரை அழைக்க 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. விளம்பர அழைப்புக்கு 140. எஸ்.எம்.எஸ். அனுப்புபவர் பெயரின் கடைசியில் இருக்கும் ஆங்கில எழுத்தையும் கவனியுங்கள். 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் பணப் பரிவர்த்தனை, 'ஜி' என்றால் அரசு. அழைப்பவர் சிம் வாங்கும்போது கொடுத்த பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2024-ல் ட்ராய் பரிந்துரைத்தது.

இப்போதே செய்யக்கூடியவை

1. உங்கள் வங்கி, யுபிஐ, ஆதார், பி.எஃப்., இமெயில் ஆகியவற்றில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். பழைய கல்லூரிக் காலத்து எண் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் உடனே மாற்றுங்கள். எண்ணை விடுவதற்கு முன் மாற்றுவது எளிது. விட்ட பிறகு மாற்ற வங்கிக்கே நடக்க வேண்டியிருக்கும்.

2. 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

3. போன் ஆப்பின் செட்டிங்ஸில் 'கால் ஃபார்வர்டிங்' பகுதிக்குப் போய், தெரியாத எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்குங்கள்.

4. காரணமே இல்லாமல் நீண்ட நேரம் சிக்னல் போனால் 'டவர் பிரச்னை' என்று விட்டுவிடாதீர்கள். வேறு போனில் இருந்து நிறுவனத்தை அழைத்து, டூப்ளிகேட் சிம் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

5. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.

6. அம்மா, அப்பாவின் கணக்குக்கு உங்கள் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறீர்களா? பாதுகாப்புக்காகத்தான் பலரும் அப்படிச் செய்கிறோம். ஆனால் அவர்கள் ஊரில் வங்கி கவுன்ட்டரில் நிற்கும்போது, ஓடிபி பெங்களூருவில் மீட்டிங்கில் இருக்கும் உங்கள் சைலன்ட் போனுக்கு வருகிறது. அவர்கள் பணத்துக்கு அவர்களே உங்களிடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. அவர்கள் பெயரில், அவர்கள் கையில் ஒரு சிம். அதற்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டுமான ஒரு நீண்ட நாள் பேக். எந்த மெசேஜை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அரை மணி நேரம். இந்த வார இறுதியில் ஊருக்குப் போனால் செய்யக்கூடிய வேலைதான்.

அப்படியே இன்னொன்றும் சொல்லிவிட்டு வாருங்கள். சந்தேகமாக யாராவது போனில் பேசினால் பதில் எதுவும் சொல்ல வேண்டாம், வைத்துவிட்டு உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும் என்று. அதற்கு இன்றைக்கும் காசு இல்லை. திரும்பக் கூப்பிட வேண்டியது மட்டும் உங்கள் பொறுப்பு.